கலைச்சொல் விவாதம்: பீபாப்பின் கான்ட்ராஃபேக்டுக்கு 'மறுமெட்டு'

குழும நண்பர்களுக்கு வணக்கம். 1940களில் எழுந்த ஜாஸ் பாணியான பீபாப்பில் 'கான்ட்ராஃபேக்ட்' என்றொரு சொல் உண்டு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> கான்ட்ரா என்றால் எதிர். அப்படியானால் 'எதிர்மெட்டு' போதுமே?

ஐயா, போதாது என்றே நினைக்கிறேன். 'எதிர்மெட்டு' என்று படித்ததும் எதிர்ப்பாட்டுதான் நினைவுக்கு வரும். ஒருவர் பாட, இன்னொருவர் போட்டிக்குப் பாடுவது. கான்ட்ராஃபேக்டில் போட்டி கிடையாது. ஒரு பழைய பாட்டின் சுரக்கொத்து வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மெட்டை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு மெட்டை அமர்த்துகிறார்கள். இதற்கு 'மறுமெட்டு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். (சுரக்கொத்து என்பது ஒருசேர ஒலிக்கும் சில சுரங்கள், ஆங்கிலத்தில் chord. 'கார்டு' என்று எழுதினால் அட்டை என்று படிக்கிறார்கள். அதனால் இந்த மடலில் 'சுரக்கொத்து' என்றே எழுதுகிறேன்.)

பீபாப் பற்றித் தமிழில் நாலு பக்கம் எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் இல்லாமல் நகரவே முடியாது. 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இசை விடுதியில் தெலோனியஸ் மங்க் பியானோவிலும் கென்னி கிளார்க் டிரம்ஸிலும் இருக்க, வருகிறவர்கள் எல்லாம் மேடையேறி வாசித்தார்கள். முன்பின் சேர்ந்து வாசித்திராதவர்கள் ஒன்றாக வாசிக்க வேண்டுமானால் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வேண்டும். கெர்ஷ்வின் 1930இல் இசையமைத்த 'ஐ காட் ரிதம்' பாட்டின் சுரக்கொத்து வரிசை எல்லோர் விரலிலும் இருந்தது. அதன்மேல் எழுந்த மெட்டுகளுக்குக் கணக்கே இல்லை. 'ஆந்த்ரபாலஜி' அவற்றில் ஒன்று. காசுக் காரணமும் உண்டு. காப்புரிமை மெட்டுக்கும் வரிகளுக்கும்தான், சுரக்கொத்து வரிசைக்கு இல்லை. மெட்டை மாற்றிவிட்டால் பழைய பாட்டின் உரிமையாளருக்கு ராயல்டி தர வேண்டாம். புதிய பாட்டு வாசித்தவர் பெயரில் பதிவாகும்.

> 'மறுபதிப்பு', 'மறுஒளிபரப்பு' போல, பழையதையே திரும்பப் போடுவது என்று பொருள்படாதா?

நல்ல கேள்வி. பதிப்பு, ஒளிபரப்பு, வாசிப்பு எல்லாம் செயலைக் குறிக்கும் பெயர்கள். அவற்றின் முன்னால் வந்தால்தான் 'மறு' என்பதற்கு 'மீண்டும்' என்று பொருள். பொருளையோ இடத்தையோ குறிக்கும் பெயருக்கு முன்னால் அது 'மற்றொன்று' ஆகிவிடுகிறது: மறுகரை, மறுபக்கம், மறுமுனை. மறுகரை என்றால் யாரும் அதே கரை என்று கொள்வதில்லை. ஆறு ஒன்று, கரை வேறு. நமக்கு வேண்டியதும் அதுவே.

நம் மரபில் இதன் மறுதலை இருக்கிறது. பாரதியின் 'தொண்டு செய்யும் அடிமை' பாட்டின் தலையில், நந்தனார் சரித்திரத்துப் பாட்டொன்றின் வர்ணமெட்டு என்று குறித்திருப்பார்கள். அங்கே மெட்டு பழையது, சொல் புதியது. மேற்கிலும் கான்ட்ராஃபேக்டம் என்ற பழைய சொல் அதைத்தான் குறித்தது. ஜாஸ்காரர்களிடம் வந்த பிறகே மெட்டு மாறிச் சுரக்கொத்து நிலைப்பது என்ற பொருள் சேர்ந்தது. எனவே 'வர்ணமெட்டு' என்பதையே இதற்கும் நீட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. இரண்டும் குழம்பிவிடும்.

சொல் தாங்குமா என்று ஒரு இணையை வைத்துப் பார்த்தேன். கோல் போர்ட்டரின் 1929ஆம் ஆண்டுப் பாட்டு 'வாட் இஸ் திஸ் திங் கால்ட் லவ்'. அதன்மேல் டாட் டேமரன் அமைத்த மறுமெட்டு 'ஹாட் ஹவுஸ்'. 1945 மே மாதம் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியும் சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கரும் பதிவு செய்தார்கள். அதே பாட்டின்மேல் சாக்ஸ் கலைஞர் லீ கோனிட்ஸ் அமைத்த மறுமெட்டு 'சப்கான்ஷியஸ்-லீ'. 1949 ஜனவரியில் பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோவுடன் பதிவானது. அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதில் டிரம்பெட்டும் சாக்ஸும் ஒரே குரலாக, காதுக்கு இடறும் சுரங்களை வேண்டுமென்றே அழுத்திச் செல்கின்றன. பின்னதில் அசைவே இல்லாத மெல்லிய தொனியில் நீளநீளமான வரிகள், தாள எல்லையைப் பொருட்படுத்தாமல் ஓடுகின்றன. அடியில் ஒரே வரிசைதான். பீபாப்புக்கும், அதையடுத்து வந்த அடக்கமான பாணியான கூல் ஜாஸுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக வேறெதிலும் நான் கேட்டதில்லை. 'மறுமெட்டு' இரண்டையும் தாங்குகிறது. 'எதிர்மெட்டு' என்று போட்டுப் பாருங்கள், கோனிட்ஸ் யாரையோ எதிர்க்கிறார் என்றாகிவிடும்.

கூல் ஜாஸ் பிறந்த கதையிலேயே ஒரு மறுமெட்டு உண்டு. 1917ஆம் ஆண்டின் 'இந்தியானா' பாட்டின்மேல் எழுந்த 'டோனா லீ' 1947இல் பார்க்கர் பெயரில் வெளியானது. எழுதியது தானே என்று டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் சொன்னார். கிளாட் தார்ன்ஹில் இசைக்குழுவுக்காக அதை வாத்தியங்களுக்குப் பிரித்து அமைத்துக்கொள்ள அனுமதி கேட்டு, இசைக்கோர்ப்பாளர் கில் எவன்ஸ் வந்தபோது தொடங்கியதுதான் இருவரின் நட்பு. நியூயார்க் 55ஆம் தெருவில் எவன்ஸின் அடித்தள வீட்டில் கூடிப் பேசியவர்களிடமிருந்து, பிரெஞ்சு ஹார்னும் டியூபாவும் சேர்ந்த ஒன்பது பேர் குழு டேவிஸ் தலைமையில் உருவாகி, 1948 செப்டம்பரில் ராயல் ரூஸ்ட் மேடையில் வாசித்தது.

ஒரு எல்லையையும் குறித்துவிட வேண்டும். 1945 நவம்பர் 26 அன்று பார்க்கர் பதிவு செய்த 'கோ-கோ'வை எல்லோரும் 'செரோக்கி' பாட்டின் கான்ட்ராஃபேக்ட் என்கிறார்கள். முதல் டேக்கில் (பதிவு முயற்சியில்) முன்னிசை முடிந்து செரோக்கியின் மெட்டையே வாசிக்கத் தொடங்குகிறார்கள். உடனே வாசிப்பு நிறுத்தப்படுகிறது. வெளியான டேக்கில் முன்னிசை முடிந்ததும் நேரே பார்க்கரின் தனி வாசிப்பு. அந்த வரிசையின்மேல் எழுதி வைத்த மெட்டு என்று எதுவும் இல்லை. வரையறையைக் கறாராக எடுத்தால் அது மறுமெட்டு ஆகாது. சுரக்கொத்து வரிசையின்மேல் மனோதர்மம், அவ்வளவே. அகராதிப் பதிவில் 'எழுதியமைத்த மெட்டு' என்ற சொற்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது என் கோரிக்கை.

'கூல் ஜாஸ்' என்பதைக் 'குளிர் ஜாஸ்' ஆக்க வேண்டாம். பாணியின் பெயர் பெயராகவே இருக்கட்டும்.

'சுரக்கொத்து' பற்றி கிட்டார், கீபோர்டு வாசிக்கும் நண்பர்கள் சொல்ல வேண்டும். மாணவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.