குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்றினால் ஆட்களைக் குறைத்துவிடுவார்களா?

கண்ணகிநகர்வாசி:
அம்மா சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு ஐடி கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். கம்பெனியில் நேரடி வேலை இல்லை, கான்ட்ராக்ட். போன வாரம் சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டு, "கவர்மெண்ட் கூலியை ஏத்தப் போகுதாம். ஏத்தினா உங்கள்ல பாதிப் பேருக்கு வேலை இருக்காது" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அம்மா, "இருக்கிறதே போதும்டா, ஏத்தவே வேணாம்" என்கிறார். வாடகையும் கேஸும் போக அந்தச் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். கூலி ஏறினால் உண்மையிலேயே வேலை போகுமா? படித்தவர்களும் இந்தத் துறையில் இருந்தவர்களும் சொல்லுங்கள்.

தரமணி மாணவி:
நான் பொருளாதாரம் படிக்கிறேன். முதல் வருடப் பாடத்தில் சூப்பர்வைசர் சொன்னதுதான் இருக்கும்: விலை ஏறினால் வாங்குவது குறையும், கூலியும் ஒரு விலைதான். ஆனால் களத்தில் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கினார்கள். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் ஏற்றவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் நானூறு துரித உணவுக் கடைகளுக்கு மேல் விசாரித்தார்கள். நியூஜெர்சியில் வேலை குறையவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரிட்டன் 1999இலும் ஜெர்மனி 2015இலும் நாடு முழுக்கக் குறைந்தபட்ச ஊதியம் கொண்டுவந்தபோதும் பயந்த அளவுக்கு வேலை போகவில்லை.

மறுப்பவர்களும் உண்டு. நியூமார்க், வாஷர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதே பகுதிகளில் இருந்த துரித உணவுக் கடைகளின் சம்பளப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்து, வேலை குறைந்தது என்றார்கள். சியாட்டிலில் 2016இல் 13 டாலராக ஏற்றியபோது, குறைந்த கூலிக்காரர்களின் வேலை நேரம் சுமார் 9 சதவீதம் குறைந்ததாக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் கணக்கிட்டார்கள். இன்னும் சண்டை ஓயவில்லை.

பழைய பில் கணக்கர்:
தம்பி, கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் மேன்பவர் கான்ட்ராக்டர்களிடம் பல வருடம் சம்பள பில் போட்டவன் நான். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்று. கூலி ஏறுவது புதிதில்லை. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி, சென்னை நகர விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்து வருடா வருடம் ஏப்ரல் 1ஆம் தேதி மாறுகிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் புது ரேட் போட்டு பில் அனுப்பியிருக்கிறேன். அந்த உயர்வுக்காக ஏப்ரல் 2ஆம் தேதி யாரையும் வீட்டுக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை.

அந்த பில் எப்படி இருக்கும் தெரியுமா? மேலே அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி). கீழே கம்பெனி பங்காக பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், அப்புறம் போனஸ், யூனிஃபார்ம். கடைசி வரியில் சர்வீஸ் சார்ஜ். நான் போட்ட பில்களில் அது மொத்தத்தின் மேல் இத்தனை சதவீதம் என்றுதான் இருக்கும். அப்படியானால் கூலி ஏற ஏற கான்ட்ராக்டரின் பங்கும் ஏறும். பணம் கொடுப்பது கட்டடத்துக்காரர். கூட்டத்தைக் கூட்டி உங்கள் அம்மாவைப் பயமுறுத்தியவர் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது!

சரி, கட்டடத்துக்காரர் சும்மா இருப்பாரா? இருக்க மாட்டார். பெரிய உயர்வு வரும்போது அவர் முதலில் கை வைப்பது ரிலீவர் மேல். வார லீவு எடுப்பவருக்குப் பதிலாக வருகிற ஆள் அவர். அவரை நிறுத்தினால் யார் பெயரும் வேலைநீக்கப் பட்டியலில் வராது. ஆனால் லீவு எடுத்தவரின் மாடியையும் இன்னொருவர் துடைக்க வேண்டும். கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒரு செக்லிஸ்ட் தொங்கும், மணிக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட வேண்டும். ஆள் குறைந்த இடங்களில் அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்று மணி நேரத்துக் கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே அவசரத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். சியாட்டிலில் நேரம் குறைந்தது என்று அந்தத் தங்கை எழுதியிருக்கிறார். நான் பார்த்த இடங்களில் நேரம் அப்படியே இருந்தது, அதே நேரத்துக்குள் வேலையைத்தான் ஏற்றினார்கள். எனக்கு உறுத்துவது இதுதான். கூலி உயர்வு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஒரு மாடிக்கு எத்தனை பேர் என்பதையும் அதோடு சேர்த்துப் பேச வேண்டும்.

அம்பத்தூர் லேத் பட்டறை:
கணக்கர் சொல்வது கட்டடத்துக்குச் சரி. என் பக்கத்தையும் கேளுங்கள். நான் ஜாப் ஒர்க் செய்பவன், அதாவது பெரிய கம்பெனி கொடுக்கும் ஆர்டருக்குப் பாகங்கள் செய்து தருபவன். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று ரேட்டை மேலே இருக்கும் கம்பெனி முடிவு செய்யும். கூலி ஏறிவிட்டது என்று போய் நின்றால், வேறு பட்டறை இருக்கிறது என்பார்கள். சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006லிருந்து சட்டம் இருக்கிறது, எனக்குப் பல சமயம் அதைத் தாண்டித்தான் வருகிறது. நான் யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் ஹெல்பர் பையன் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை, அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. வேலை கற்றுக்கொள்ள ஒரு பையன் வந்து நின்றிருப்பான், அவனுக்கு இடமில்லாமல் போனது. இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? என் ஆட்களுக்கு நல்ல சம்பளம் கொடுக்கத்தான் நினைக்கிறேன். கூலியை ஏற்றும்போது ஜாப் ஒர்க் ரேட்டும் ஏற வழி செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பழைய பில் கணக்கர்:
ஐயா சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். உங்கள் ஆர்டர் கோவைக்கோ புனேக்கோ போய்விட முடியும். ஓஎம்ஆர் கட்டடத்தின் கழிவறையை ஓஎம்ஆரில்தான் கழுவியாக வேண்டும். அதனால்தான் அந்த அம்மாவுக்கு இருக்கும் ஆபத்தும் உங்களுக்கு இருக்கும் ஆபத்தும் ஒன்றில்லை என்கிறேன்.

கண்ணகிநகர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரிலீவர் விஷயத்தைக் கேட்டதும், "எங்க மாடியிலயும் அப்படித்தான்" என்றார். சம்பளச் சீட்டு கேட்டேன். தருவதே இல்லையாம், பேங்கில் பணம் மட்டும் விழுகிறது.

பழைய பில் கணக்கர்:
முதலில் சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், தனியாக வேண்டாம், நாலைந்து பேராகப் போய்க் கேட்கட்டும். அம்மா பங்காகப் பிடிப்பது பிஎஃப் 12 சதவீதம், இஎஸ்ஐ 0.75 சதவீதம். பிஎஃப் பாஸ்புக்கை நீங்களே போனில் பார்க்கலாம், மாதாமாதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கான்ட்ராக்டர் சம்பளம் குறைத்துக் கொடுத்தால் மீதியைக் கொடுக்கும் பொறுப்பு கட்டடக் கம்பெனிக்கு உண்டு, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. சீட்டு தர மறுத்தால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, மனு எழுதித் தருகிறேன், இங்கேயே கேளுங்கள்.