1990 ஹைலக்ஸ் பிக்கப்: கறள் பிடித்த சேசியை முழுதாக மாற்றுவதா, பின்பாதியை மட்டும் மாற்றுவதா?

சுழிபுரத்தான் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் 1990ஆம் ஆண்டு ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று நிற்கிறது. எல்என் 85 ரகம். ஒற்றை வரிசை இருக்கை கொண்ட தனிக்கூடு, பின்சக்கர இழுவை, 2எல் என்ற ரக டீசல் எஞ்சின். அப்பா 2005 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காரைநகரில் மீன் எடுத்து, பொன்னாலைப் பாலத்தால் வந்து, யாழ்ப்பாண நகரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த வாகனம் இது. இப்போது நான் அதில் வெங்காயமும் மரக்கறியும் சுன்னாகம் சந்தைக்கு ஏற்றுகிறேன். எஞ்சின் இன்றும் முதல் திறப்பிலேயே ஸ்ரார்ட் ஆகிறது. கியர் பெட்டியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேசி, அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டம்தான் கைவிட்டுவிட்டது.

சென்ற மாதம் வெங்காய மூடைகளை ஏற்றியபோது பின்பெட்டியின் மேல்விளிம்பு முன்கூட்டின் முதுகில் உரசுவதைக் கண்டேன். வெறுமையாக நிற்கும்போது அந்த இடைவெளியில் இரண்டு விரல் தாராளமாக நுழையும். கீழே படுத்துப் பார்த்தபோது, வலப்புறப் பக்கச் சட்டத்தில், பின் ஸ்பிறிங்கின் முன்முனை பொருந்தும் தாங்கிக்குச் சற்று முன்னால், கறள் அடுக்கடுக்காக உரிந்திருந்தது. ஸ்குறூ டிறைவரை அழுத்தினால் உள்ளே போகிறது. இடப்புறம் அவ்வளவு மோசமில்லை. எஞ்சினுக்குக் கீழுள்ள முன்பகுதி மட்டும் எண்ணெய் கசிந்து கசிந்து கறுத்து, உள்ளே புதிதுபோல இருக்கிறது.

எல்என் 106 ரக ஹைலக்ஸ் ஒன்றிலிருந்து கழற்றிய சேசி, கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருப்பதாக ஒருவர் சொன்னார். அதை வாங்கி முழுதாக மாற்றிவிடலாமா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் ஏறிய விலை, 2025இல் மீண்டும் திறந்துவிட்ட பின்னும் எங்கள் கைக்கு எட்டும் இடத்துக்கு இறங்கவில்லை. ஆகவே, விற்றுவிட்டு வேறு எடுங்கள் என்ற ஆலோசனையைத் தவிர வேறு எதையும் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

தொறொன்ரோவிலிருந்து ஒருவர் எழுதியது:

தம்பி, நான் இருக்கும் நாட்டில் பனிக்காலம் முழுவதும் வீதிக்கு உப்புப் போடுவார்கள் என்பதால் சேசி உக்குவது இங்கே அன்றாடக் கதை. ரொயோட்டாவின் ரக்கோமா ரகப் பிக்கப்புகளின் சேசிகள் உக்கியதற்காக அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2016இல் அந்த நிறுவனம் 340 கோடி டொலர் வரையிலான இணக்கத்துக்கு வந்தது. துளை விழுந்த வாகனங்களுக்குப் புதிய சேசியையே மாற்றிக் கொடுத்தார்கள். எஞ்சின், கூடு, பெட்டி எல்லாவற்றையும் பழைய சேசியிலிருந்து கழற்றிப் புதியதில் ஏற்றுவது செய்யக்கூடிய வேலைதான் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நானும் நண்பர் ஒருவரும் அவருடைய வீட்டு முற்றத்திலேயே ஒரு பிக்கப்புக்கு இதைச் செய்து முடித்தோம்.

எங்களை வாட்டியது பாரம் தூக்குவதன்று; ஆணிகள். முன்கூட்டைச் சேசியோடு பிடிக்கும் ஆணிகள் ரப்பர் தாங்கிகளின் நடுவே வருடக்கணக்காக ஈரத்தில் கிடப்பவை. வேலைக்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே ஒவ்வொரு மாலையும் அவற்றுக்கு ஊறும் எண்ணெய் விடுங்கள். அப்படியும் சில ஆணிகளின் தலை முறியும். சிலவற்றில் கூட்டின் தளத்துக்குள் ஒட்டப்பட்ட நட்டு பிடிவிட்டுச் சும்மா சுழலும். அப்போது காலடி விரிப்பைத் தூக்கி, தளத்தில் சிறிய கதவுபோல வெட்டித்தான் நட்டைப் பிடிக்க வேண்டியிருக்கும். எரிவாயுச் சுவாலையால் சூடாக்குவதானால், பிறேக் குழாயும் டீசல் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கூட்டைத் தூக்குவதற்கு முன் ஸ்ரியறிங் தண்டின் இணைப்பு, பிறேக், கிளச் எண்ணெய்க் குழாய்கள், அக்சிலேற்றர் கேபிள், கைப்பிறேக் கேபிள், வேகமானிக் கேபிள், வயர்க் கட்டு, நில வயர், றேடியேற்றர் குழாய்கள் ஆகிய எல்லாம் பிரிந்திருக்க வேண்டும். கியர்க் கம்பியையும் மேலிருந்து கழற்றிவிட வேண்டும். நாங்கள் நில வயர் ஒன்றை மறந்துவிட்டு, கூடு ஏன் ஒரு பக்கம் மட்டும் எழும்புகிறது என்று அரை மணித்தியாலம் வாதாடினோம். ஒவ்வொன்றையும் கழற்றும்போது படம் எடுத்து, ஆணிகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

கொக்குவில் கராஜ்காரர் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன வேலைமுறையில் பிழை இல்லை. ஆனால் கேட்டவருடைய வாகனத்துக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். அதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, அந்தப் பஞ்சிகாவத்தைச் சேசி. எல்என் 106 நான்கு சக்கர இழுவை கொண்டது. அதற்கு முன்பக்கமும் முழு அச்சும் தகட்டு ஸ்பிறிங்கும் வரும். உங்கள் எல்என் 85இல் முன்சக்கரங்கள் தனித்தனியே அசைபவை. முறுக்குக் கம்பிதான் அங்கே ஸ்பிறிங். பெயர் இரண்டிலும் ஹைலக்ஸ் என்றுதான் இருக்கும். சேசியின் முன்பாதியோ முற்றிலும் வேறு. விற்பவர் அதைச் சொல்லமாட்டார். வாங்கி, லொறியில் ஏற்றி, ஏ9 வீதி வழியே கொண்டுவந்து இறக்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. சேசி இலக்கம் எங்கே அடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: வலப்புற முன்சக்கரத்தின் அருகே, பக்கச் சட்டத்தில்தான். பதிவுச் சான்றிதழில் உள்ள அந்த இலக்கமே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உங்கள் வாகனம். முழுச் சேசியையும் மாற்றினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் பழைய வாகனத்தைத் திருத்தவில்லை. வேறொரு வாகனத்தின் மேல் உங்கள் எஞ்சினையும் கூட்டையும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். முன் அனுமதியும் கடிதங்களும் இல்லாமல் அதைச் செய்துவிட்டு, பழைய சேசியின் இலக்கத் துண்டை வெட்டிப் புதியதில் ஒட்டித் தருகிறோம் என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமே போகவேண்டாம். களவு வாகனத்துக்குச் செய்யும் வேலையும் அதுதான். வீதியில் மறித்துப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

உங்கள் வாகனத்தில் நல்வாய்ப்பாக, இலக்கம் இருக்கும் முன்பாதிதான் எண்ணெய்க் கசிவால் தப்பியிருக்கிறது. எஞ்சினின் பின்முனை எண்ணெய்ச் சீல் கசிவதை நான் வழமையாகத் திட்டுவேன். இங்கே அதற்கு நன்றி சொல்லவேண்டியிருக்கிறது. உக்கியது மீன்பெட்டிகளின் ஐஸ் உருகி வடிந்த உப்புநீர் விழுந்த பின்பாதி. பக்கச் சட்டம் நான்கு பக்கமும் மூடிய குழாய்போன்றது என்பதால், உள்ளே போன உப்பும் சேறும் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே தின்றிருக்கும். வெளியில் ஒரு துளை தெரிந்தால் உள்ளே ஒரு முழத்துக்குத் தகடு மெலிந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றியபோது பெட்டியும் கூடும் மேற்பக்கத்தில் நெருங்கியது, முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் நடுவே சட்டம் கீழ்நோக்கி மடிகிறது என்பதற்கு அடையாளம். இனி அதில் ஒரு மூடையும் ஏற்றவேண்டாம்.

நான் செய்வதானால், எல்என் 85 ஒன்றின் நல்ல பின்பாதியைத் தேடி, கூட்டின் பின் தாங்கிக்கும் ஸ்பிறிங்கின் முன் தாங்கிக்கும் இடையில் வெட்டி இணைப்பேன். அந்தப் பாதியை வாங்கும்போது விற்பவரிடம் பற்றுச்சீட்டும், அது எந்த வாகனத்திலிருந்து வந்ததோ அதன் பதிவுச் சான்றிதழின் பிரதியும் பெறுங்கள். வேலையைத் தொடங்குமுன் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மோட்டார் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய், இன்ன இடத்தில் இன்ன திருத்தம் செய்யப்போகிறோம் என்று எழுத்தில் கொடுத்து, அவர்களுடைய பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். முதலில் பின்பெட்டியைக் கழற்றி, பெரிய சுத்தியலால் அடி முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். உக்கியது ஈரப்பலகைபோலச் சத்தமிடும். அந்தச் சத்தம் எங்கே மாறுகிறது என்று சோக்கட்டியால் கோடிட்டுவிட்டு எழுதுங்கள்.

சுழிபுரத்தான் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பெட்டியை நேற்று ஆறுபேர் பிடித்துத் தூக்கிக் கழற்றினோம். பெட்டியின் எட்டு ஆணிகளில் மூன்று முறிந்தன. தட்டிப் பார்த்ததில், வலப்புறம் கூட்டின் பின் தாங்கிக்கு ஒரு சாண் பின்னாலும், இடப்புறம் ஏறக்குறைய இரண்டு முழம் பின்னாலும் சத்தம் மாறுகிறது. துளைக்குள் கையை விட்டுக் கிளறியபோது ஒரு வாளி கறளும் மணலும் மீன்செதிலும் வந்தன. அப்பா மீன் வியாபாரத்தை விட்டுப் பத்து வருடமாகிறது. செதில் இன்னும் உள்ளே இருந்திருக்கிறது.

எல்என் 85 பின்பாதி ஒன்று கிளிநொச்சியில் கிடைத்திருக்கிறது. மரத்தில் மோதி முன்பக்கம் நொறுங்கிய வாகனம். உரிமையாளர் கடிதமும் பிரதியும் தருவதாகச் சொல்கிறார். கச்சேரிக்கு நாளை போகிறேன். இணைப்பை எப்படிச் செய்யவேண்டும், வளைவு வராமல் எப்படிப் பிடிக்கவேண்டும் என்பதையும் சொன்னால் நல்லது. துண்டுத் தகடுகளை மேலே வைத்து வெல்டிங்கால் ஒட்டினாலே போதும் என்று அயலிலுள்ள ஒருவர் வற்புறுத்துகிறார்.

நெல்லியடியிலிருந்து ஒருவர் எழுதியது:

நான் வாகனக்காரன் அல்லேன், கட்டட வேலைக்காரன். ஆனால் என்னுடைய பழைய டாட்சனுக்கு இதே வேலை நடந்தபோது அளவுகளைப் பார்த்தவன் நான் என்பதால் அதைப்பற்றி மட்டும் சொல்கிறேன்.

சீமெந்துத் தளத்தில், நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்த்து, நான்கு முட்டுகளின்மேல் வாகனத்தைச் சமமாக இருத்துங்கள். சேசியில் இரு பக்கமும் ஒத்த துளைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, அது தொடும் இடத்தைத் தளத்தில் குறியுங்கள். பின்னர் வாகனத்தையே பார்க்காமல், தளத்திலுள்ள புள்ளிகளை மட்டும் மூலைக்கு மூலை அளந்தால் போதும். இரண்டு மூலைவிட்டங்களும் 3 மில்லிமீற்றருக்குள் ஒத்து வரும்வரை நான் ஒட்ட விடவில்லை. வெட்டுவதற்கு முன் ஒருமுறை, தற்காலிகமாகப் பிடிக்கும் புள்ளி ஒட்டுப் போட்டபின் ஒருமுறை, முழு ஒட்டும் முடிந்தபின் ஒருமுறை என்று அளந்தோம். இரண்டாவது அளவில்தான் 7 மில்லிமீற்றர் விலகியிருந்தது தெரிந்தது. புள்ளி ஒட்டு என்பதால் உடைத்துத் திருத்த முடிந்தது.

கொக்குவில் கராஜ்காரர் எழுதியது:

தூக்குக்குண்டு முறைதான் நானும் பாவிப்பது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மேலே தகடு வைத்து ஒட்டுவதைப் பற்றி: உக்கிய தகட்டுக்கு மேல் நல்ல தகட்டை வைத்தால், இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, நல்லதையும் சேர்த்துத் தின்னும். சட்டத்தின் தகடே மூன்று நான்கு மில்லிமீற்றர்தான்; அதில் பாதி போன இடத்தில் ஒட்டுக் கம்பி பிடிக்காது, துளைதான் பெரிதாகும். அயலவர் நல்ல மனதோடு சொல்லியிருப்பார். ஆனால் அந்த வேலையைச் செய்த வாகனங்கள் இரண்டு மாரிக்குள் என் கராஜுக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

வெட்டு இரண்டு பக்கமும் ஒரே நேர்க்கோட்டில் வரக்கூடாது. உங்கள் வாகனத்தில் கறளே அதற்கு வழிகாட்டியிருக்கிறது: வலப்புறம் முன்னே, இடப்புறம் பின்னே வெட்டலாம். செங்குத்தாக நேரே வெட்டாமல் படிபோல வெட்டி, உள்ளே அளவாகப் பொருந்தும் சட்டைக்கைபோன்ற இரும்புத் துண்டு ஒன்றை இரு பாதிக்குள்ளும் ஒரு சாண் நீளம் புகுத்தி, பக்கங்களில் துளையிட்டு அந்தத் துளைகள் வழியாகவும் ஒட்டவேண்டும். வெளியே வலுவூட்டும் தகடு வைப்பதானால் அதன் முனைகளைக் கூராகச் சரித்து வெட்டுங்கள். சதுரமாக முடியும் தகட்டின் ஓரத்தில்தான் பின்னாளில் வெடிப்பு விழும். அந்தத் தகட்டை ஒட்டும்போது சட்டத்தின் மேல், கீழ் முகங்களுக்குக் குறுக்கே ஒட்டுக் கோடு போடவேண்டாம். வெட்டுவதற்கு முன் இரு பக்கச் சட்டங்களுக்கும் இடையே கோண இரும்பை எக்ஸ் வடிவில் தற்காலிகமாக ஒட்டிப் பிடித்துவிடுங்கள்.

மின் ஒட்டு என்றால் 7018 இலக்க ஒட்டுக் கம்பி. அன்று உடைத்த பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், எங்கள் கடற்காற்றில் திறந்து கிடந்த கம்பி ஈரம் குடித்திருக்கும். வாயு ஒட்டு (மிக்) என்றால் நான்கு புறமும் படங்கு கட்டவேண்டும், ஏனெனில் சோழகம் வீசும் மாதங்களில் வெளியில் வைத்து ஒட்டினால் காற்று வாயுவைக் கொண்டுபோய்விட, ஒட்டு கடற்பஞ்சுபோலத் துளைத்துளையாக வரும். எதுவானாலும் முதலில் பற்றறியின் இரு முனைகளையும், ஒல்ரனேற்றரின் வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஒட்டியதும் பெயின்ற் அடிக்க அவசரப்படவேண்டாம். பரிசோதகர் வந்து பார்க்கும்வரை ஒட்டுக் கோடுகள் வெறுமையாகவே இருக்கட்டும். மூடிய ஒட்டை எவரும் நம்பமாட்டார். அதன்பின் வெளியே துத்தநாகம் கலந்த பிறைமர். உள்ளேதான் முக்கியம்: மூடிய சட்டத்துக்குள் தூரிகை போகாது என்பதால், நீளக் குழாய் பொருத்திய விசிறியால் மெழுகு எண்ணெயைத் துளைகள் வழியே அடித்து, அது வடியும்வரை விடவேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயை அடிக்கும் வழக்கம் எங்களிடையே உண்டு. அது ரப்பர்த் தாங்கிகளை ஊதச் செய்துவிடும். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று தொழிற்சாலையிலேயே விட்ட துளைகள் இருக்கும், அவற்றைச் சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறவுங்கள்.

சுழிபுரத்தான் எழுதியது:

கச்சேரியில் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டார்கள். படங்களும் கிளிநொச்சி வாகனத்தின் பிரதியும் கேட்டிருக்கிறார்கள். பின்பாதி அடுத்த கிழமை வந்து சேரும். ஐயா, வேலையை உங்களிடமே தரலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். கட்டி இழுத்துக்கொண்டு வரலாமா?

கொக்குவில் கராஜ்காரர் எழுதியது:

கச்சேரியின் பதில் கையில் கிடைத்தபின் கொண்டுவாருங்கள். கயிற்றில் கட்டி இழுக்கவேண்டாம், இந்தச் சேசி அந்த இழுவையைத் தாங்காது. தட்டையான லொறியில் ஏற்றுங்கள். டீசல் டாங்கி பெட்டிக்குக் கீழே, நாம் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. அதை வீட்டிலேயே வடித்துக் கழற்றிவிட்டு, வெறுமையாகத் தனியே கொண்டுவாருங்கள்.