‘கிரெடிட்’டுக்குத் தமிழ் வேண்டும்: வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

நியூஜெர்சி, மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். எங்கள் ஊர்த் தமிழ்ப் பெண்களுக்காக ஒரு துண்டறிக்கையைத் தமிழில் எழுதுகிறேன். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டு இங்கு வந்தவர்கள், கல்லூரியில் மறுபடி சேரும்போது ‘காலேஜ் போர்டு’ என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு நடத்தும் ‘கிளெப்’ தேர்வு அவர்களுக்குக் கைகொடுக்கும். அதில் ஒன்று அமெரிக்க வரலாற்றின் முதல் தாள், குடியேற்றத் தொடக்கத்திலிருந்து 1877 வரை. 90 நிமிடத்தில் 120 வினாக்கள். 20 முதல் 80 வரையிலான அளவில் 50 எடுத்தால், பல கல்லூரிகள் பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய கணக்கில் 3 கிரெடிட் தருகின்றன. வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. கிரெடிட்டை ‘மதிப்பெண்’ என்று எழுதினேன். “50 மதிப்பெண் எடுத்தால் 3 மதிப்பெண் கிடைக்கும்” என்று வந்தது. “மீதி 47 எங்கே போயிற்று?” என்று அம்மா கேட்கிறார். உதவுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘மதிப்பலகு’ இருக்கிறதே, அம்மா. மதித்து அளக்கும் அலகு. “மதிநுட்பம் நூலோ டுடையார்க்கு” என்றார் வள்ளுவர். நூலறிவும் மதியும் சேரும் இடந்தானே தேர்வு?

சென்னை, மென்பொருள் பொறியாளர்:
ஐயா, அதே குறளில் அடுத்து வருவது ‘அதிநுட்பம்’. ‘அதி’ வடமொழி முன்னொட்டு. ‘மதி’யும் அங்கிருந்து வந்ததே என்பாரும் உண்டு. தூய்மைதான் அளவுகோல் என்றால் அந்தக் குறள் துணைக்கு வராது.

மதுரை:
அறிவைக் குறிக்கும் ‘மதி’யை வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. மதித்தல் என்னும் வினையை விட்டுத்தர மாட்டேன். மதிப்பு, மதிப்பீடு, மதிப்புரை என்று இத்தனை கிளை விட்ட வேரை இரவல் என்று எப்படிச் சொல்வது?

டொராண்டோ, யாழ்ப்பாணத்தவர்:
இலங்கையில் சாதாரண தரப் பரீட்சையில் ‘சி’ எடுத்தால் ‘திறமைச் சித்தி’ என்போம். ஆங்கிலத்தில் அதுவும் கிரெடிட்தான். ஆனால் அது தேர்ச்சியின் தரம். இது பட்டத்துக்காகச் சேரும் கணக்கு. அந்தச் சொல்லை இங்கே போட்டால் எங்கள் ஆட்கள் குழம்புவார்கள்.

டல்லாஸ், வரலாற்று ஆசிரியர்:
கணக்கு என்றீர்கள், அங்கேதான் விடை இருக்கிறது. ‘அலகு’ எனக்கு உறுத்துகிறது. பருவம் முழுதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பில் இருந்தால் ஒரு கிரெடிட் என்பது பழைய அளவு. அது உட்கார்ந்த நேரத்தை அளப்பது. இந்தத் தேர்விலோ ஒரு மணி நேரங்கூட வகுப்பு இல்லை. நூலகத்திலோ சமையலறை மேசையிலோ படித்ததைக் கல்லூரி ஒப்புக்கொண்டு, பெரும்பாலும் ஏ, பி என்ற எழுத்துத் தரம்கூடப் போடாமல், மாணவியின் ஏட்டில் பதிகிறது. இதற்கு நம்மிடம் வினையே இருக்கிறது: வரவு வைத்தல். ‘தேர்வுவழி வரவு’ என்று எழுதுங்கள்.

மதுரை:
கல்வியைக் கடைக்கணக்கு ஆக்குவதா? மனம் ஒப்பவில்லை.

சென்னை:
“கேடில் விழுச்செல்வம் கல்வி” என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே, ஐயா! செல்வம் என்றால் வரவு உண்டு. அதோடு, “செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்” என்ற தொல்காப்பிய நூற்பாவை நினைத்துப் பாருங்கள். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. “உங்களுக்கு 3 வரவு” என்பது இலக்கணப்படியே முன்னிலையை நோக்கி வருகிறது. அகப்பாடல்களில் செலவு என்பது தலைவன் பயணம். ‘செலவழுங்கல்’ என்றால் புறப்படத் தயங்கி நிற்பது. பணத்தின் போக்குவரத்துக்கு இந்தச் சொற்கள் பிறகு வந்திருக்க வேண்டும். ‘தரவு’க்கு இன்று கணினியில் வேலை கொடுத்துவிட்டோம். ‘வரவு’க்கும் கல்லூரியில் ஓர் இடம் கொடுத்தால் என்ன?

நியூஜெர்சி:
நூற்பாவைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனால் துண்டறிக்கையைப் படிக்கும் பெண், கல்லூரி அலுவலகச் சன்னலில் நின்று ‘வரவு’ என்று கேட்க முடியாது. ‘கிரெடிட்’ என்ற ஒலியும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். இன்னொன்று: முதல் தாள் 1877இல் முடிகிறது, இரண்டாம் தாள் 1865இல் தொடங்குகிறது. இது பிழையா?

டல்லாஸ்:
பிழை இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலிருந்து 1877 வரை தெற்கு மாநிலங்களை மீண்டும் ஒன்றியத்தில் இணைத்த காலம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் குடியுரிமையும், அவர்களில் ஆண்களின் வாக்குரிமையும் அரசியல் சட்டத்தில் ஏறியது அப்போதுதான். அது இரண்டு தாளிலும் வரும். ‘மறுகட்டமைப்புக் காலம்’ என்று எழுதலாம்.

டொராண்டோ:
‘மீள்கட்டுமானம்’ அல்லவா நல்லது? மறு என்றால் குற்றம் என்றும் பொருள்படும்.

நியூஜெர்சி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா, கட்டாயம் வருகிறேன். இன்று வியாழன். ஆறு பேர் தனிமடலில் ‘வரவு’ என்றார்கள், இருவர் ‘மதிப்பலகு’ என்றார்கள், ஒருவர் ‘கிரெடிட்’ மட்டும் போதும் என்றார். “50 புள்ளி எடுத்தால் 3 வரவு, அதாவது கிரெடிட், கிடைக்கலாம், உங்கள் கல்லூரி ஏற்கிறதா என்று முதலில் கேளுங்கள்” என்று அனுப்புகிறேன். அம்மாவுக்குப் புரிந்தது.

மதுரை:
அச்சாகட்டும், அம்மா, அவர்கள் படிக்கட்டும். என் வாக்கு மதிப்பலகுக்கே என்று குறித்துவையுங்கள். மதித்தல் குறித்து எழுத இன்னும் இருக்கிறது, ஞாயிறன்று அனுப்புகிறேன்.