சமக்குறியைக் கற்பிக்க வேதாகமத்திலிருந்து எந்தப் பகுதியை எடுக்கலாம்?

கேள்வி – இரண்டாம் வகுப்பு ஆசிரியை

திருச்சபை நடத்தும் தொடக்கப்பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். 8 + 4 = □ + 5 என்று கரும்பலகையில் எழுதினால், பிள்ளைகளில் பலர் கட்டத்துக்குள் 12 என்று எழுதுகிறார்கள்; சிலர் கண்ணில் பட்ட எல்லா எண்களையும் கூட்டி 17 என்கிறார்கள். தேவனுக்கு முன்பாக அனைவரும் சமம் என்று காலை வேதபாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். அதனோடு இந்தப் பாடத்தையும் இணைக்க விரும்புகிறேன். திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமை இதற்குப் பொருந்துமா?

பதில் – ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

3 + 4 = □ என்ற ஒரே வடிவத்தையே தொடர்ந்து பார்த்த பிள்ளைக்குச் சமக்குறி என்பது ‘இனி விடையை எழுது’ என்னும் கட்டளையாகவே பதிந்துவிடுகிறது. ஆகவே 7 = 3 + 4, 5 = 5, 2 + 6 = 5 + 3 போன்றவற்றையும் எழுதி, சரியா தவறா என்று மட்டும் சில நாள்கள் கேளுங்கள். இரண்டு தட்டுள்ள தராசு கிடைத்தால் மிகவும் நல்லது. ஆனால் புளியங்கொட்டையையோ ஒரு ரூபாய் நாணயத்தையோ வைத்து நிறுக்க வேண்டாம்: கொட்டைகள் ஒரே எடையில் இருப்பதில்லை, நாணயங்களும் வெளியான ஆண்டைப் பொறுத்து எடை மாறுகின்றன. ஒரே அளவுள்ள இரும்பு நட்டுகள் போதும். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்னும் நீதிமொழிகள் 11:1 வசனத்தை அப்போது சொன்னால், அது வலிந்து புகுத்தியதாகத் தோன்றாது.

பதில் – ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர்

நீங்கள் கேட்ட உவமை வரும் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தை இந்தப் பாடத்துக்கு எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நாள் முழுவதும் வெயிலைச் சகித்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரே பணம் கொடுக்கப்படுகிறது; கூலி உழைப்புக்கு ஈடாக இல்லை என்பதுதான் முந்தினவர்களின் முறுமுறுப்பு. எஜமானின் தயாளத்தைப் பேசும் அந்த உவமையைச் சமக்குறியின் கீழ்க் கொண்டுவந்தால் கணக்கும் கெடும், உவமையும் கெடும்.

யாத்திராகமம் 16-இல் வரும் மன்னாவை, அதாவது வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த உணவை, எடுத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குத் தலைக்கு ஓர் ஓமர் (அக்காலத்து முகத்தலளவை) என்பது அளவு. ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர் சேர்த்தார்கள். ஏழாம் நாளில் வெளியில் மன்னா இல்லை. ஒருவர் ஒரு வாரத்தில் சேர்த்ததை இடப்பக்கத்திலும், அவர் அந்த வாரத்தில் உண்டதை வலப்பக்கத்திலும் எழுதினால் இப்படி வரும்:

1 + 1 + 1 + 1 + 1 + 2 + 0 = 1 + 1 + 1 + 1 + 1 + 1 + 1

வலப்பக்கத்தில் ‘விடை’ என்று தனியாக ஓர் எண்ணும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பக்கங்களும் பார்வைக்கு வேறாக இருந்தும் மதிப்பில் ஒன்றாக இருப்பதைப் பிள்ளைகள் கதையின் வழியாகவே கண்டுகொள்வார்கள். அதன் பிறகு ஏதாவது ஓர் எண்ணைக் கட்டத்தால் மறைத்துக் கேட்டால், உங்கள் முதல் கணக்குக்கும் அவர்கள் தயாராகிவிடுவார்கள்.

பதில் – ஒரு பெற்றோர்

இரண்டும் நல்ல யோசனைகள். ஆயினும் மனிதர் சமம் என்பதையும் எண்கள் சமம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். மனிதர் தேவசாயலில் படைக்கப்பட்டதால் சமம் என்கிறோம். அதை யாரும் நிறுத்துப் பார்த்துச் சொல்வதில்லை. வகுப்பில் குறைவாக மதிப்பெண் வாங்கும் பிள்ளை இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால், தன் பக்கத் தட்டு உயர்ந்து நிற்பதாக நினைத்துவிடக்கூடும்.

குறியின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். வேல்ஸ் நாட்டவரான ராபர்ட் ரெக்கார்ட் என்னும் மருத்துவர் 1557-இல் வெளியிட்ட கணித நூலில், இணையான இரு கோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று காரணம் கூறி இந்தக் குறியைப் பயன்படுத்தினார்.

ஆசிரியை

நன்றி. உவமையை விட்டுவிட்டு மன்னாவையே எடுக்கிறேன். ஏழாம் நாளுக்கு 0 எழுதச் சொல்வதா, அந்த இடத்தை வெறுமையாக விடுவதா?

ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர்

0 எழுதச் சொல்லுங்கள். ஏழாம் நாளிலும் சிலர் சேர்க்கப் புறப்பட்டுப்போய் ஒன்றும் காணாமல் திரும்பினார்கள் என்று அதே அதிகாரத்தின் 27-ஆம் வசனத்தில் இருக்கிறது.