ஷேர்ட் ஃபோல்டர்ல இருந்த பில் ஸ்கேன் பாதி காணோம், யாராவது வழி சொல்லுங்க

திருப்பூர்_கணக்கு:
வணக்கம்ங்க. நாங்க சின்ன ஆடிட்டர் ஆபீஸ், கிளையன்ட் எல்லாம் பெரும்பாலும் நிட்டிங், டையிங், ஜாப் ஒர்க் பண்றவங்க, பில்லு கட்டுக்கட்டா வரும், அதையெல்லாம் ஸ்கேன் பண்ணி கூகுள் டிரைவ்ல ஏத்தி வச்சிருக்கோம். ஆபீஸ் மெயில்ல ஒரு மெயின் ஃபோல்டர், அதுக்குள்ள கிளையன்ட் பேர்ல ஒன்னொன்னு, அதுக்குள்ள வருஷம். ஸ்டாஃப் எல்லாரும் அவங்கவங்க சொந்த ஜிமெயில்ல இருந்துதான் ஏத்துவாங்க, எடிட்டர் பெர்மிஷன் குடுத்திருக்கு. போன மாசம் ஒரு பையன் வேலைய விட்டு நின்னுட்டான், நல்லபடியாத்தான் போனான், சண்டை கிண்டை ஒன்னும் இல்ல. இப்ப அவன் பாத்துட்டு இருந்த கிளையன்ட் ஃபோல்டர தொறந்தா ஃபோல்டர் இருக்கு, உள்ள பாதி பிடிஎஃப் இல்ல. எங்க டிராஷ்லயும் தேடியாச்சு, அங்கயும் இல்லீங்க. ஃபோல்டர் எங்களோடது, எங்களுக்குத் தெரியாம எப்படிங்க போகும்? 20-ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி மாச ரிட்டர்ன் 3பி போடணும், சார்கிட்ட இன்னும் சொல்லல.

பழைய_மவுஸ்:
காணாம போனது அந்தத் தம்பி ஏத்தினது மட்டுமா, மத்தவங்க ஏத்தினதும் சேத்தா? அத மொதல்ல பாருங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல அந்த ஃபோல்டர செலக்ட் பண்ணி, மேல வட்டத்துக்குள்ள ஐ போட்ட பட்டன அமுக்கினா வலது பக்கம் டீடெய்ல்ஸ், ஆக்டிவிட்டினு ரெண்டு வரும். ஆக்டிவிட்டில யாரு எத எப்ப எடுத்தாங்கனு இருக்கும்.

திருப்பூர்_கணக்கு:
அவன் ஏத்தினது மட்டும்தாங்க. ஆக்டிவிட்டில அவன் பேர் போட்டு டிராஷுக்கு நகர்த்தினதா காட்டுது, போன வாரத் தேதி. வேலைய விட்டதுக்கு அப்புறம்! வேணும்னே பண்ணிட்டானோ?

பழைய_மவுஸ்:
அவசரப்பட்டு பையன் மேல பழி போட்றாதீங்க. ஃபோல்டர் உங்களோடதா இருந்தாலும் அதுக்குள்ள இருக்கிற ஃபைல் யாரு ஏத்தினாங்களோ அவங்களோடது. நம்ம வீட்டு பீரோல அவன் பைய வச்சிருக்கான், அவ்ளோதான், பை அவனோடது. அதனால அவன் டெலீட் பண்ணா அவன் டிராஷுக்குத்தான் போகும், உங்க டிராஷ்ல தேடி பிரயோஜனமே இல்ல. இடமும் அவன் கணக்குல இருந்துதான் கழியும். சும்மா கிடைக்கிறது 15 ஜிபி, அதுலயே மெயில், போட்டோ, டிரைவ் மூணும் அடங்கணும். நிறைஞ்சா மெயில் வராது. அப்ப ஸ்டோரேஜ் பக்கம் போனா அவன் பேர்ல இருக்கிற ஃபைல பெருசுல இருந்து சிறுசுனு வரிசையா காட்டும், அது எந்த ஃபோல்டர்ல இருக்குனு யாரும் பாக்க மாட்டாங்க, உங்க ஸ்கேன் பிடிஎஃப் எல்லாம் மேலயே நிக்கும், டிக் அடிச்சு தூக்கியிருப்பான்.

இப்ப உடனே அவனுக்கு போன் போடுங்க. வாட்ஸப்ல மெசேஜ் போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க. டிராஷ காலி பண்ணாதேனு சொல்லுங்க. டிராஷ்ல 30 நாள்தான் இருக்கும், அப்புறம் தானா அழிஞ்சிரும். அவன் ரெஸ்டோர் குடுத்தா பழைய ஃபோல்டருக்கே திரும்பி வரும். அதுவரைக்கும் கோவத்துல அவன ஷேரிங்ல இருந்து தூக்கிறாதீங்க.

மெட்ராஸ்_ரிட்டர்ன்:
3பி-க்கு அதுவரைக்கும் பயப்படாதீங்க, பர்ச்சேஸ் நம்பர் எல்லாம் ஜிஎஸ்டி போர்ட்டல்ல 2பி-ல (சப்ளையருங்க காட்டின பில் பட்டியல்) இருக்கு, 14-ம் தேதி வந்திருக்குமே. ஆனா 2பி இருக்குனு பில்ல விட்றாதீங்க, வாங்கினதுக்குக் கட்டின வரிக்கு கிரெடிட் எடுக்கணும்னா இன்வாய்ஸ் கையில இருக்கணும்னு ஜிஎஸ்டி சட்டம் 16-வது செக்‌ஷன்லயே இருக்கு. கணக்கு வழக்கு எல்லாம் ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும். ஸ்கேன் பண்ணதும் பேப்பர கிளையன்ட்கிட்ட திருப்பிக் குடுத்துட்டீங்களா இல்ல பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சா?

திருப்பூர்_கணக்கு:
பேப்பர் எல்லாம் கிளையன்ட்கிட்ட பத்திரமா இருக்குங்க, அது ஒன்னு நிம்மதி.

போன் போட்டேன். நீங்க சொன்னதேதான், போன்ல ஸ்டோரேஜ் ஃபுல்னு வந்துட்டே இருந்துச்சாம், புது கம்பெனில இருந்து மெயில் வரலைனு பெரிய ஃபைலா பாத்து தூக்கியிருக்கான். பாவம் பதறிட்டான். நான் லைன்ல இருக்கும்போதே டிராஷுக்குப் போய் ரெஸ்டோர் குடுத்தான், முக்காவாசி ஃபோல்டருக்கே வந்துருச்சு. கொஞ்சம் மட்டும் அன்னிக்கே டிராஷ்லயும் அழிச்சிருக்கான், அது மறுபடி ஸ்கேன்தான். ஆனா இது திரும்ப நடக்காம எப்படிங்க வச்சுக்கறது? மத்த ரெண்டு பேரும் சொந்த ஜிமெயில்லதான் ஏத்திட்டு இருக்காங்க.

பழைய_மவுஸ்:
இன்னைக்கே அத நிறுத்துங்க. ஸ்கேன் பண்ற கம்ப்யூட்டர்ல ஆபீஸ் மெயில் லாகின் மட்டும் வைங்க, ஏத்துறது எல்லாம் அதுல இருந்துதான், மத்தவங்களுக்கு பாக்கறதுக்கு வியூவர் போதும். எடிட்டர் யாருக்காவது வேணும்னா ஷேர் விண்டோல செட்டிங்ஸ் சக்கரத்த தொட்டு, எடிட்டர்கள் பெர்மிஷன் மாத்தலாம்ங்கிற டிக்க எடுத்துருங்க, இல்லனா அவங்க இன்னொருத்தர சேத்துருவாங்க. பழைய ஃபைலுக்கு ஓனர்ஷிப் மாத்தலாம். ஆனா ஃபோல்டருக்கு ஓனர மாத்தினா உள்ள இருக்கிற ஃபைலுக்கு மாறாது, பலர் இதுல ஏமாறுவாங்க. ஃபைலுக்குத் தனியா குடுக்கணும், சொந்த ஜிமெயில் கணக்குனா வாங்கறவங்க அக்செப்ட் பண்ணாத்தான் மாறும். பிடிஎஃப்தானே, அதுக்கு டவுன்லோட் பண்ணி ஆபீஸ் மெயில்ல மறுபடி ஏத்துறதே லேசு.

இன்னொரு விஷயம். உங்க ஆட்கள்ல எடிட்டரா இருக்கிற யாராவது அடுத்தவங்க ஃபைல ஃபோல்டர்ல இருந்து ரிமூவ் குடுத்தா அது அழியாது, ஆனா எந்த ஃபோல்டர்லயும் இல்லாம அந்தரத்துல நிக்கலாம். ஃபைலோட ஓனர் தேடுற இடத்துல இஸ்:அன்ஆர்கனைஸ்டு, ஒரு ஸ்பேஸ் விட்டு ஓனர்:மீ, இத இங்கிலீஷ்ல அடிச்சா எல்லாம் வெளிய வரும். அன்ஆர்கனைஸ்டுக்கு எஸ் இல்ல, இசட் போடணும்.

தறி_நாடா:
நான் சொல்றது கொஞ்சம் செலவுதான், ஆனா ஆபீஸ்னா காசு கட்டி கூகுள் ஒர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கணக்கு) எடுத்துட்டு ஷேர்ட் டிரைவ்ல வைங்க, அதுல ஃபைல் ஆள் பேர்ல இருக்காது, நிறுவனத்து பேர்ல இருக்கும், யாரு வேலைய விட்டுப் போனாலும் ஃபைல் அங்கயே இருக்கும். ரொம்ப கம்மி விலை பிளான்ல ஷேர்ட் டிரைவ் வராது, பிசினஸ் ஸ்டாண்டர்ட்ல இருந்துதான். சொந்த ஜிமெயில்ல இருந்து ஒர்க்ஸ்பேஸ் கணக்குக்கு ஓனர்ஷிப் மாத்த முடியாதுங்கறதையும் தெரிஞ்சுக்கிட்டு எடுங்க.

பழைய_மவுஸ்:
மூணு பேர் ஆபீஸுக்கு அது அதிகம்ங்கறது என் எண்ணம். ஒரே ஆபீஸ் மெயில், கூட கொஞ்சம் இடம் வாங்கினா போதும். ஆள் பத்துக்கு மேல போனா தறி சொல்றதுதான் சரி.

மெட்ராஸ்_ரிட்டர்ன்:
நானும் ரெண்டு சொல்லிட்றேன், பல ஆபீஸ்ல பாத்து வயித்தெரிச்சல். பேன் கார்டு, ஆதார் காப்பி எல்லாம் லிங்க் இருக்கிற யாரு வேணா பாக்கலாம்னு போட்டு வாட்ஸப் குரூப்ல தள்ளுவாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், மெயில் ஐடி போட்டு ஷேர் பண்ணுங்க. ரெண்டாவது பேரு. ஸ்கேன்001, ஃபைனல், புது ஃபைனல்னு வச்சா உங்களுக்கே நாளைக்குத் தெரியாது. 2025-06 பர்ச்சேஸ்னு வருஷம் மாசம் முன்னாடி போட்டா தானா வரிசையாகும். பிடிஎஃப்ல இருக்கிற எழுத்தையும் தேடினா டிரைவ் கண்டுபிடிக்கும், ஆனா மங்கலான டாட் மேட்ரிக்ஸ் பில்லுல அத நம்ப முடியாது, அதுக்குத்தான் பேர் ஒழுங்கா வைக்கச் சொல்றேன்.

சும்மா_கேட்டேன்:
நடுவுல ஒரு சந்தேகம், டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) டேட்டா ஃபோல்டரையே டிரைவ் சிங்க்ல போட்டா எங்கிருந்தும் வேலை பாக்கலாமா?

பழைய_மவுஸ்:
ஐயோ வேண்டாம். ஓடிட்டு இருக்கிற டேட்டா பாதி எழுதும்போதே சிங்க் ஆகி கெட்டுப்போகும். டேலிய மூடிட்டு பேக்கப் எடுத்து அந்த பேக்கப்ப மட்டும் ஏத்துங்க. சிங்க்ங்கறது பேக்கப் இல்ல, இங்க அழிஞ்சா அங்கயும் அழியும். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல தனியா ஒரு காப்பி இருக்கணும்.

திருப்பூர்_கணக்கு:
சார்கிட்ட சொல்லிட்டேங்க, ஆபீஸ் மெயிலுக்கு இடம் வாங்கிக்கலாம்னுட்டார். இப்ப அவன் ஃபைல் எல்லாம் டவுன்லோட் குடுத்திருக்கேன், ஒரே ஃபோல்டர்தான் குடுத்தேன், ஆனா ஜிப் மூணு நாலு துண்டா வருது, ஒன்னுல ஏப்ரல் இருக்கு மே பாதி இல்ல. சரியாத்தான் வருதுங்களா?

பழைய_மவுஸ்:
சரிதான், பெரிய ஃபோல்டர அப்படித்தான் பிரிச்சுக் குடுக்கும். எல்லாத் துண்டையும் ஒரே இடத்துல விரிங்க, மே பாதி அடுத்த ஜிப்ல இருக்கும், தானா சேந்துக்கும். ஃபோல்டர் ஃபோல்டரா எண்ணிக்கை சரி பாத்து, ஏத்தி முடிச்சு, நாலு ஃபைல தொறந்தும் பாத்துருங்க. அதுக்கப்புறம் அந்தத் தம்பிய ஷேரிங்ல இருந்து எடுங்க, அவன் பழச அழிச்சுக்கட்டும், அவனுக்கும் மெயில் வரணும்ல.