புதுப்பிப்பு: ஜெர்மனி போய் வந்தாச்சு

நியூரம்பெர்க்கில் இருக்கும் நண்பன் வீட்டுக்கு மூன்று வாரம் போகிறேன், ஐரோப்பிய நாடுகளில் ரயிலில் சுற்ற உதவும் யூரெயில் பாஸ் எடுக்கலாமா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ போதும் என்றீர்கள். 2025 செப்டம்பரில் அதையே எடுத்தேன். 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63 ஆகிவிட்டது. மாதம் முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். அதிவேக ஐசிஇ போன்ற தொலைதூர ரயில்களில் மட்டும் செல்லாது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைகூட அதே டிக்கெட்டில் போய் வந்தேன்.

ஒன்று கவனியுங்கள்: இது மாதச் சந்தா. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் காசு பிடித்துவிடுவார்கள். 9ஆம் தேதி ராத்திரி நண்பன்தான் ஞாபகப்படுத்தினான், பாத்திரம் கழுவிக்கொண்டே.

சொதப்பலும் உண்டு. மியூனிக்கிலிருந்து ஷ்லியர்சே ஏரிக்குக் கிளம்பினேன். அந்த ரயில் நடுவழியில் ஹோல்ஸ்கிர்ஹனில் துண்டு துண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போகும். எந்தப் பெட்டி எங்கே போகும் என்று பெட்டிக்கு வெளியே ஊர் பெயர் ஓடும். நான் பார்க்கவில்லை. டேகர்ன்சே ஏரியில் இறங்கி நின்றேன். சரி, அதுவும் ஏரிதானே என்று கரையில் உட்கார்ந்து நண்பன் கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். கடைசி நாள் காபிச் செலவு எனக்கு அதில்தான் ஓடியது.