“நம் ஊர்ப் பிள்ளை இல்லையே”: கூலிக்கு நிறுத்தப்படும் குழந்தைகளும் உள்ளாட்சியின் பொறுப்பும் (அனுபவப் பகிர்வு)

முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர், காவிரிக் கடைமடை:

2020 ஜனவரி 6-ஆம் தேதி பொறுப்பேற்றபோது ஊராட்சிச் செயலர் என் முன் அடுக்கிய பதிவேடுகளில் ஒன்று கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுடையது. ஊராட்சித் தலைவர்தான் அந்தக் குழுவுக்கும் தலைவர். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், குழந்தைகள் சார்பில் இரண்டு பேர் என உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல் அரசு நியமித்த தனி அலுவலர் பார்த்துக்கொண்ட ஆண்டுகள் முழுவதும் அந்தப் பதிவேட்டில் ஒரு வரி கூட இல்லை.

சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கம் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டிக்கொண்டு வருவார்கள். வயலில் கிடை போட்டால், அதாவது இரவில் ஆடுகளை அடைத்து வைத்தால், மண்ணுக்கு எரு, கீதாரிக்கு இரவுக்கு இத்தனை என்று கூலி. தலைமுறை தலைமுறையாக நடப்பது. அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பல கிடைகளில் வரும் சிறுவர்கள் கீதாரியின் சொந்தப் பிள்ளைகளே. ஆனால் எல்லோரும் அப்படி இல்லை.

காலில் சீழ் பிடித்த புண்ணோடு ஒரு சிறுவன் மருத்துவ முகாமுக்கு வந்தான். உடன் வந்த கீதாரி “அண்ணன் மகன்” என்றார். செவிலியர் அன்று மாலையே என்னிடம் வந்தார். “அக்கா, அந்தப் பையன் பேசுவது சீமைப் பேச்சு இல்லை. நம் பக்கத்துப் பேச்சு” என்றார். அவர் அதைக் கவனித்திராவிட்டால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

விசாரித்தபோது, பக்கத்து வட்டத்துப் பிள்ளை. 2018 நவம்பரில் கஜா புயலில் குடிசை போய்விட்டது. அப்பா முன்பணம் வாங்கிக்கொண்டு பையனை ஆடு மேய்க்க அனுப்பியிருக்கிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றிருக்கிறது.

வார்டு உறுப்பினர் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அக்கா, பிள்ளையும் நம் ஊர் இல்லை, கீதாரியும் நம் ஊர் இல்லை. நமக்கு எதற்கு வம்பு?” அவர் கெட்டவர் இல்லை. ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பிள்ளை எந்த ஊரில் பிறந்தான் என்று கேட்பதற்கு முன்னால், எந்த எல்லைக்குள் நிற்கிறான் என்று பார்க்கிறது. அவன் நின்றது எங்கள் ஊராட்சி வயலில். அந்த வயலின் சொந்தக்காரர் எங்கள் ஊர்க்காரர்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தோம். மறுநாள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தும் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்தும் வந்தார்கள். சிறுவனைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தினார்கள். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் விடுதலைச் சான்றும் கிடைத்தது. அடுத்த மே தினக் கிராம சபையில் ஒரு தீர்மானம் வைத்தேன்: எங்கள் ஊரில் கிடை அமர்த்துகிறவர், வாத்துப் பட்டி போட இடம் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும், உடன் வரும் ஆட்கள் யார், வயது என்ன என்று ஊராட்சியில் சொல்லிவிட்டுத்தான் அமர்த்த வேண்டும். இது சட்டம் அல்ல, ஊர்க் கட்டுப்பாடு மட்டுமே. ஆனாலும் நில உரிமையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். இதுபோல உங்கள் ஊரில் நடந்ததை எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்மாவட்டம்:

அம்மா, உங்கள் செவிலியருக்கு என் வணக்கம்.

எங்கள் பகுதியில் பிரச்சினை நூற்பாலை. எட்டாவதோ பத்தாவதோ முடித்த பெண் பிள்ளைகளைத் தரகர்கள் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் அழைத்துப் போவார்கள். மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள். சுமங்கலித் திட்டம் என்று ஊரெல்லாம் அறிந்த பெயர். விடுதிக்குள்ளேயே வாழ்க்கை, உடம்புக்கு முடியாமல் நடுவில் திரும்பினால் தொகை கைக்கு வராது. பஞ்சு தூசியில் இருமிக்கொண்டு திரும்பி வந்த என் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் வயது பதினெட்டு என்று ஒரு கடிதம் இருந்தது. ஊராட்சித் தாளில், முத்திரையோடு. என் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின்படி அவளுக்குப் பதினான்கு கூட நிறைந்திருக்கவில்லை. அந்த வேலைக்கு அனுமதியே கிடையாது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது பதினான்கு வயதுக்குக் கீழ் எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதும், திரைப்படம், விளம்பரம் போன்றவற்றில் குழந்தைக் கலைஞராக நடிப்பதும் மட்டும்தான் விலக்கு. எந்த ஊராட்சி என்று இங்கே எழுத மாட்டேன். பதிவேட்டின் நகலோடு நேரில் போனேன். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. பிள்ளையும் வந்து சேர்ந்தாள்.

அன்றிலிருந்து ஒன்றை வலியுறுத்தி வருகிறேன். தொடர்ந்து வராத மாணவர் பெயர்களை நாங்கள் கல்வித் துறைக்கு மட்டும் அனுப்புகிறோம். அதே பட்டியலின் ஒரு நகல் ஊராட்சிக்கும் போக வேண்டும். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தபோது உள்ளாட்சிப் பிரதிநிதிகளையும் உறுப்பினர்களாக்கினார்கள். நல்ல ஏற்பாடு. அந்தக் கூட்டத்தில் சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பேசி முடிப்பதற்கு முன்னால், வராத பிள்ளைகளின் பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வீடு, எந்தத் தரகர் என்று வார்டு உறுப்பினருக்குத் தெரியாமல் இருக்காது.

அங்கன்வாடிப் பணியாளர், வட மாவட்டம்:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஊராட்சியின் சமுதாயக் கூடத்திலேயே கல்யாணம் நடக்க இருந்தது. வாடகை கட்டி ரசீதும் வாங்கிவிட்டார்கள். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று நிறைந்திருக்க வேண்டும். மாவட்டச் சமூக நல அலுவலருக்குத் தகவல் போய், அவர்கள் வந்து நிறுத்தினார்கள். பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

தடுத்ததற்காக எங்களைத் தெருவில் ஏசினார்கள், அது போகட்டும். என் கோரிக்கை ஒன்றுதான். சமுதாயக் கூடம் பதிவு செய்யும்போது மணமக்கள் இருவரின் பிறப்புச் சான்றையும் கேளுங்கள். இப்போது எங்கள் ஊராட்சியில் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு இங்கே அப்படி ஒரு பதிவுக்கு யாரும் வந்ததில்லை. வேறு ஊர்க் கோவிலுக்குப் போய்விடுகிறார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. அதனால் பக்கத்து ஊராட்சிகளும் கேட்க வேண்டும்.

நகராட்சி உறுப்பினர், மேற்கு மாவட்டம்:

கிராமத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நகரத்தில் எல்லோரும் புதியவர்கள். பிள்ளை யாருடையது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் கடைக்கும் பட்டறைக்கும் தொழில் உரிமம் கொடுப்பது நாங்கள். புதுப்பிக்க வரும்போது துப்புரவு ஆய்வாளர் நேரில் போய்ப் பார்க்கிறார். குப்பையையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்கிறவர் தட்டு கழுவும் சிறுவனையும் பார்க்கத்தான் செய்கிறார். அதை அறிக்கையில் எழுத ஒரு பத்தி ஒதுக்குங்கள் என்று மன்றத்தில் கேட்டேன். தொழிலாளர் துறை வேலை அது என்று பதில் வந்தது. மீண்டும் கேட்கப் போகிறேன்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருந்தவர்:

முதலில் எழுதிய அம்மாவின் அனுபவத்தில் மேலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மீட்புக்குப் பிறகுதான் பெரும் பாடு.

சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி மீட்ட குழந்தையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும். அது பெரும்பாலும் நடக்கிறது. விடுதலைச் சான்றில்தான் தாமதம். அந்தச் சான்று இல்லாமல் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் எதுவும் நகராது. குழந்தைக்கு இரண்டு லட்ச ரூபாய் என்று திட்டம் சொல்கிறது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மீதி, வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். வீட்டில் கடன் அப்படியே இருக்கும். அப்பாவை அதே தரகர் மறுபடி தேடி வருவார். அந்த நேரத்தில் மாவட்ட அலுவலர் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். பக்கத்தில் இருப்பது ஊராட்சிதான். ஊரக வேலைத் திட்ட அட்டை, தொகுப்பு வீட்டுப் பட்டியல், மகளிர் குழுக் கடன் என்று அந்தக் குடும்பத்துக்கு உதவ ஊராட்சியிடம் வழிகள் இருக்கின்றன.

2025 மே மாதம் வந்த செய்தியை நினைத்துப் பாருங்கள். வாத்து மேய்க்க வைத்திருந்த, ஆந்திராவைச் சேர்ந்த ஏனாதிப் பழங்குடிச் சிறுவனின் உடல் காஞ்சிபுரம் அருகே பாலாற்றங்கரையில் தோண்டி எடுக்கப்பட்டது. கடனுக்காகப் பிடித்து வைக்கப்பட்ட பிள்ளை. வாத்துப் பட்டி வெட்டவெளியில் இருக்கிறது. எத்தனையோ கண்கள் அதைக் கடந்து போகின்றன. “நமக்கு எதற்கு” என்ற சொல்லின் விலை இது.

இன்னொன்று. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். குழுத் தலைவர் நாற்காலி காலியானால் குழு கலைந்துவிட வேண்டுமா? உறுப்பினர்கள் அங்கேயேதானே இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த பல இடங்களில் கூட்டம் என்பது பதிவேட்டை வீடு வீடாக எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்குவதுதான். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கேள்வி (இளைஞர் மன்ற உறுப்பினர்):

எங்கள் ஊரில் குழு இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? தனி அலுவலர் காலத்தில் யாரிடம் கேட்பது?

முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்:

தம்பி, தனி அலுவலர் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில்தான் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு அங்கே மனு போடுங்கள். குழு உறுப்பினர் பட்டியல், கடைசி நான்கு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு நகல், இந்த இரண்டையும் கேட்டால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கூட்டம் நடக்கவில்லை என்று பதில் வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, எது முதலில் வருகிறதோ அன்று. குழுவைக் கூட்டித் தேதி குறிக்க வேண்டும் என்று தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். வாய்மொழியாகப் பேசிவிட்டு வந்தால் நிற்காது.

மாவட்டப் பாதுகாப்புப் பணியில் இருந்த ஐயா, மீட்புக்குப் பிறகுதான் பெரும் பாடு என்றதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறுவனின் சொந்த ஊராட்சிக்கு நான் தலைவர் என்ற முறையில் கடிதம் எழுதினேன்: இன்ன குடும்பம், இன்ன கடன், பிள்ளையை இன்ன வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று. அப்படி எழுத வேண்டும் என்று எந்த விதியும் என்னிடம் சொல்லவில்லை. அங்கிருந்த தலைவர் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவுக்கு நூறு நாள் வேலை அட்டை போட்டுக் கொடுத்தார். பையன் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ந்தான். நீங்கள் மீட்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு கடிதம் போக வேண்டும் என்று உங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள். மாதிரி வேண்டுமென்றால் என் கடிதத்தைப் பெயர்களை நீக்கி இங்கே போடுகிறேன்.